நான்கு பாடம், மூன்று நாள் பேருந்து, ஒரு நடுகல்: கிருஷ்ணகிரி ஐ.டி. ஊழியர் ஒருவரின் இரண்டரை ஆண்டு (நிகழ்வு ஆய்வு)

எதற்காக இதை எழுதுகிறேன்

வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாமா என்று வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனால் அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெங்களூரில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அறை. என் அனுபவத்தை வைத்து இன்னொருவருக்கு யோசனை சொன்னதில் இரண்டு இடங்களில் தவறு செய்தேன். அந்த இரண்டும் கீழே வருகின்றன.

இதில் வருபவர் என் நிறுவனத்தில் வேறொரு குழுவில் இருக்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே பேருந்தில் போய் வருகிறோம். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். அவரும் அவர் மனைவியும் இதைப் படித்துப் பார்த்து, சில இடங்களைத் திருத்தி, வெளியிடச் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களும் ஊர் அடையாளங்களும் எடுக்கப்பட்டுவிட்டன.

பின்னணி

2022-இல் அவருக்கு வயது 31. மென்பொருள் வேலையில் ஒன்பது ஆண்டு. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியர், மகளுக்கு ஒன்றரை வயது. போச்சம்பள்ளிப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா ரகம். மே, ஜூன் வந்தால் காய் பறிப்பு, விலை பேசுவது, லாரிக்கு நிற்பது என்று மகன் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அப்பா நினைப்பார்.

அவருடைய தனி ஆர்வம் நடுகல். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வீரன் உருவம் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் அவைதான் வேடியப்பன் சாமி. மாட்டுக் கூட்டத்தை மீட்கப் போய் இறந்தவன், புலியோடு சண்டையிட்டு இறந்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சாவு இருக்கிறது. பழைய கற்களில் அது வட்டெழுத்தில், அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட ஒரு பழைய எழுத்து முறையில், எழுதப்பட்டிருக்கும். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்று மூன்று நான்கு வரி. தொறு என்றால் மாட்டு மந்தை.

பாட்டி ஊரில் சின்ன வயதிலிருந்து கும்பிட்ட கல்லில் எழுத்து இருப்பதை 2020 ஊரடங்கின்போதுதான் அவர் முதல்முறையாகப் பார்த்தார். மஞ்சள் உதிர்ந்த இடத்தில் ஒரு வளைவு தெரிந்ததாம். அதிலிருந்து தொடங்கியது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கும் நடுகற்களைப் பார்க்க மூன்று நான்கு முறை போனார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்தும் சின்னக் குழுவில் சேர்ந்து, மாதம் இரண்டு ஞாயிறு காலையில் ஊர் ஊராகப் போய்க் கல் பார்க்கப் பழகினார். 2022 மே மாதம், நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பத்து நிமிடம் அதைப் பற்றி அவர் பேசியதை இன்னும் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். வழக்கமாக அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

சேர்ந்தது: 2022 ஜூலை

அடுத்த நிலைப் பதவிக்கு முதுகலைப் பட்டம் இருந்தால் நல்லது என்று மேனேஜர் சொன்னார். வேலையில் இருப்பவர்களுக்கென்று நடத்தப்படும் எம்.டெக்., நான்கு செமஸ்டர். முதல் மூன்றில் தலா நான்கு பாடம், கடைசியில் ஆய்வுத் திட்டம். வகுப்புகள் சனி, ஞாயிறு இணையத்தில். இரண்டு வருடத்துக்குள் முடித்தால் கட்டணத்தில் பாதியை நிறுவனம் திருப்பித் தரும்.

அவர் என்னிடம் கேட்டபோது, “தாராளமா சேரு தம்பி, வாரம் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கினா போதும்” என்றேன். என் முதல் தவறு இது. அப்போது எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்கு முழுவதும் அந்த நிலைமை அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. அந்த நம்பிக்கையை நாங்கள் இருவருமே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதல் செமஸ்டர் நன்றாகப் போனது. நான்கு பாடத்திலும் நல்ல மதிப்பெண். ஞாயிறு காலை ஆறரைக்குக் கல் பார்க்கப் போய், ஒன்பது மணி வகுப்புக்கு வீடு திரும்பிவிடுவார்.

நிலைமை மாறியது: 2023

பிப்ரவரியில் வாரம் இரண்டு நாள் அலுவலகம் வரச் சொன்னார்கள். ஜூலையிலிருந்து மூன்று நாள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி. காலை 6.20 பேருந்தைப் பிடித்தால் எட்டரைக்குப் போய்ச் சேரலாம். மாலையில் அத்திப்பள்ளி நெரிசல் எப்படி இருக்கிறதோ அப்படி. அதோடு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆன்-கால் பணி. இரவில் சர்வரில் ஏதாவது பிரச்சினை என்றால் போன் அடிக்கும், எழுந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் செமஸ்டரில் நான்கும் தேறியது, மதிப்பெண் இறங்கியது. மூன்றாவதில் நிலைமை கைமீறியது. அக்டோபரில் ஓர் இடைத்தேர்வு நாளன்று ஆன்-கால் அழைப்பு வந்து தேர்வையே தவறவிட்டார். இன்னொரு பாடத்தைப் பாதியில் கைவிட்டார். வகுப்பு ஓடும்போதே மடியில் மகளை வைத்துக்கொண்டு, இன்னொரு திரையில் அலுவலகத்தில் பதிவான புகார்களை (டிக்கெட்) பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. மூன்றில் எதற்கும் அவர் அங்கே இல்லை.

பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று இடையில் பைக்கை ஓசூரில் விட்டுவிட்டு அங்கிருந்து பேருந்தில் போக ஆரம்பித்தார். நவம்பரில் ஒரு நாள் இரவு பதினொரு மணி சுமாருக்குத் திரும்பி வரும்போது, சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் கண் அசந்துவிட்டது. வண்டி சாலையோர ஜல்லியில் இறங்கிய சத்தத்தில் விழித்துக்கொண்டார். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இது என்ன இடம் என்று தெரியும். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை குறுக்கே வரும் பருவமும் அதுதான். வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. மறுநாள் பேருந்தில் என்னிடம் சொன்னார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

எழுதிப் பார்த்தது

எல்லோரும் சொன்ன யோசனை ஒன்றேதான்: கல் பார்ப்பதை நிறுத்து. மேனேஜர் சொன்னார், அப்பா சொன்னார், மாமியார் சொன்னார். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிந்தது. வேலையை விட முடியாது, கட்டிய பணம் போய்விடும் என்பதால் படிப்பையும் விட முடியாது. மிச்சம் இருப்பது பொழுதுபோக்குதானே?

முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு வாரம் நேரத்தை எழுதிப் பார்க்கலாம் என்றேன். சட்டைப்பையில் சின்ன நோட்டு, அரை மணிக்கு ஒரு வரி. செயலி எதுவும் வேண்டாம் என்று நினைத்தோம், போனை எடுத்தாலே வேறு எதிலாவது போய்விடும். 2023 நவம்பர் கடைசி இரண்டு வாரத்தின் சராசரி இப்படி வந்தது. வாரத்தின் 168 மணி நேரத்தில் அலுவலக வேலை 47, பேருந்தும் வண்டியும் 13, வகுப்பு 8, வகுப்புக்கு வெளியே படித்தது 6, தூக்கம் 37, வீடு, குழந்தை, சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்து 33, போனில் சும்மா தள்ளிக்கொண்டிருந்தது 10, இரவு ஆன்-கால் அழைப்புகள் 5, தோப்பும் உறவுக்காரர் விசேஷங்களும் ஆறரை. கல்லுக்குப் போனது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்.

தூக்கம் நாளுக்கு ஐந்தே கால் மணி நேரம். இரவு பதினொன்றரைக்கு மேல் படிக்க உட்கார்ந்து, கண் எரிந்து, போனை எடுத்து, ஒரு மணிக்குப் படுப்பது. அந்தப் பத்து மணி நேர போன் முழுவதும் இந்த இடத்தில்தான் இருந்தது. களைப்பாக இருக்கும் ஒருவர் படிக்கவும் முடியாமல், படிக்காமல் தூங்கப் போகும் குற்ற உணர்வையும் தாங்க முடியாமல் செலவழிக்கும் நேரம் அது. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. கல் பார்க்கப் போன ஞாயிறு இரவு அவர் ஏழு மணி நேரம் தூங்கியிருந்தார். போகாத ஞாயிறு இரவு நாலே முக்கால். இரண்டு வாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு அந்த நோட்டில் ஆதாரம் எதுவும் இல்லை.

உடனே எடுத்த முடிவு ஒன்று: பைக் வேண்டாம், இரண்டு வேளையும் பேருந்து. காலைப் பயணத்தில் வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டார், அது ஓரளவு பயன்பட்டது. மாலையிலும் படிக்கப் பார்த்து, தலை சுற்றி, விட்டுவிட்டார். மாலைப் பேருந்து தூங்குவதற்கு என்று வைத்துக்கொண்டோம். நான் பக்கத்து இருக்கையில் இருந்தால் ராயக்கோட்டை மேம்பாலம் வந்ததும் எழுப்புவேன்.

இரண்டையும் சேர்க்கும் யோசனை

என் இரண்டாவது தவறு இங்கே. ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டிய நேரம். படிப்பையும் கல்லையும் ஒன்றாக்கிவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்று தோன்றியது. நடுகல் எழுத்துகளைப் படத்திலிருந்து தானாக அடையாளம் காணும் மென்பொருள். அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. நானும் உற்சாகமாகச் சொன்னேன், “இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது தம்பி.” வழிகாட்டியும் ஏற்றுக்கொண்டார்.

டிசம்பர் கடைசியிலேயே சிக்கல் தெரிய ஆரம்பித்தது. படங்களைப் பார்த்துக் கற்கும் இத்தகைய மென்பொருள் மாதிரிக்கு ஆயிரக்கணக்கில் எழுத்துப் படங்கள் வேண்டும். அவரிடம் இருந்தது சில நூறு. ஒவ்வொரு எழுத்தையும் பல கோணத்தில் எடுத்து, சற்றே திருப்பி, வெளிச்சம் மாற்றி எண்ணிக்கையைக் கூட்டினார். முதல் சோதனையில் 94 விழுக்காடு சரியாக வந்தது. வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: பயிற்சிக்குக் கொடுத்த கல்லும் சோதனைக்குக் கொடுத்த கல்லும் ஒன்றா? ஒன்றேதான். கல்லைப் பிரித்து, பார்க்காத கல்லை மட்டும் சோதனைக்குக் கொடுத்தபோது 41 ஆகிவிட்டது. மாதிரி கற்றுக்கொண்டது எழுத்தை இல்லை, அந்தந்தக் கல்லின் சொரசொரப்பை.

எழுத்தின் தன்மையும் ஒரு காரணம். வட்டெழுத்தில் ப-வும் வ-வும் பல இடங்களில் ஒன்றுபோல நிற்கும். கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ‘படடான’ என்று கல்லில் இருப்பதை ‘பட்டான்’ என்று நாம் வாசிப்பது, அது என்ன கல் என்று முன்பே தெரிந்திருப்பதால். தனி எழுத்தை வெட்டி எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தால் அந்தச் சூழல் போய்விடுகிறது. கல் பார்க்கும் குழுவை நடத்தும் ஆசிரியர் ஐயா ஒரே கல்லுக்கு நான்கு முறை போய், நான்காவது முறை ஒரு சொல்லைப் படித்திருக்கிறார். அந்த நிதானத்துக்கு ஜனவரிக் கெடுவில் இடம் இல்லை.

ஆக, இன்னும் படங்கள் வேண்டும். மாதம் இரண்டு ஞாயிறு என்பது வாராவாரம் ஆனது, சில சனிக்கிழமையும் சேர்ந்தது. மங்கிய எழுத்து தெரிய வேண்டுமென்றால் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் கல் வெறும் கல்லாகத்தான் தெரியும். அந்தக் காலை நேரம்தான் வகுப்புக்கும், மகள் எழுந்து அப்பாவைத் தேடுவதற்கும் உரிய நேரம். நேரம் மிச்சமாகும் என்று போட்ட கணக்கு, ஓய்வாக இருந்த ஒரே இரண்டரை மணி நேரத்தையும் வேலையாக மாற்றியிருந்தது. அப்போதெல்லாம் கல்லைப் பற்றி அவர் என்னிடம் பேசுவதே இல்லை. எத்தனை படம் சேர்ந்தது என்று மட்டும் சொல்வார்.

பாலக்கோடு பக்கத்து ஊரில்: 2024 ஜனவரி

ஒரு ஞாயிறு காலை பதினொரு கற்களைப் படமெடுக்கத் திட்டம். ஆறாவது கல் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில், புளியமரத்தடியில். 2021-லிருந்து அவர் போய் வந்த கல். அங்கே விளக்கேற்றும் பெரியவர் அவரைக் கண்டாலே டீ சொல்லிவிடுவார். அன்று பெரியவர் வயலுக்குப் போயிருந்தார். வழக்கமாக இவர் காத்திருப்பார். அன்று மணி ஏழே முக்கால், வெளிச்சம் போய்விடும்.

பாட்டில் தண்ணீரை ஊற்றி, பிரஷ் வைத்து எண்ணெயையும் மஞ்சளையும் தேய்த்துக் கழுவினார். எழுத்துப் பள்ளங்களில் சாக்பீஸ் பூசினார். இது கூடாது என்று ஐயா முதல் நாளே அவருக்குச் சொல்லியிருக்கிறார். சாக்பீஸ் பூசும்போது நாம் ஊகித்த எழுத்தையே கல்லில் வரைந்துவிடுவோம், பிறகு பார்க்கிறவர் கண்ணும் அதையேதான் பார்க்கும். தேய்ப்பதால் கல்லுக்கும் கேடு. ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பது, சாய்வெளிச்சத்தில் படமெடுப்பது, இவைதான் குழுவின் வழக்கம். எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார்.

ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். அன்று ஒரு வீட்டில் அந்தச் சாமிக்கு வேண்டுதல் வைத்து, விரதம் இருந்து, படையலுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கூச்சல். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரியவர் வயலிலிருந்து வந்து, போனை வாங்கிக் கொடுத்தார். இவரைத் திட்டவில்லை. சொன்னது இவ்வளவுதான்: “கேட்டிருந்தா நானே தண்ணி ஊத்திக் குடுத்திருப்பேனே கண்ணு.”

எண்ணெய், மஞ்சள், குங்குமம் வாங்கி வரச் செய்து, பெரியவரே மறுபடி சாத்தினார். இவர் அதுவரை நின்றிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மீதி ஐந்து கல்லுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பேருந்தில் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, சூளகிரியிலிருந்து ஓசூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். மாமியார் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தார். நான் நோட்டைத் திறந்து கணக்கைக் காட்ட ஆரம்பித்தேன். அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, படிப்பு வேணாம், கல்லு வேணாம்னு நான் ஒருநாளும் சொல்லல. எந்த நாள் இவரு வீட்ல இருப்பாருன்னு முன்னாடியே தெரிஞ்சா போதும். தெரியாம காத்துக்கிட்டு இருக்கறதுதான் முடியல.” அன்றைக்கு அந்த மேஜையில் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

முதல் முடிவு, ஆய்வுத் தலைப்பை மாற்றுவது. எங்களுக்கு இருவருக்குமே மனசு கனத்த முடிவு. ஆனால் கெடு உள்ள வேலைக்குக் கெடுவுக்குக் கட்டுப்படும் பொருள்தான் வேண்டும். அலுவலக சர்வர் எச்சரிக்கைகளில் ஒரே காரணத்தால் வருபவற்றைக் கொத்தாகச் சேர்த்து, இரவு அழைப்புகளைக் குறைப்பது என்பது புதிய தலைப்பு. தரவு கையிலேயே இருந்தது. வாடிக்கையாளர் விவரங்களை நீக்கித் தர நிறுவனத்தின் அனுமதி வாங்க மட்டும் ஐந்து வாரம் பிடித்தது.

இரண்டாவது, ஜனவரி–ஜூன் பருவத்தில் நிலுவையில் இருந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதுவது, ஆய்வுத் திட்டத்தை ஜூலைக்குத் தள்ளுவது. பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும், கெடு தாண்டுவதால் கடைசிப் பருவங்களின் கட்டணம் திரும்பி வராது. அவர் அதைப் பற்றி இரண்டு இரவு யோசித்தார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பணம் சின்னத் தொகை இல்லை. ஆனால் மேலுமலை நினைவுக்கு வந்ததும் முடிவு எளிதாகிவிட்டது என்று பிறகு சொன்னார்.

மூன்றாவது, மேனேஜரிடம் பேசியது. ஒன்றரை வருடமாகத் தன் தேர்வுத் தேதிகளை அவர் குழுவில் சொன்னதே இல்லை. கேட்டால் வேலையில் கவனம் இல்லை என்று நினைப்பார்களோ என்ற பயம். சொன்னதும் மேனேஜர் செய்தது, ஆன்-கால் பட்டியலில் இரண்டு வாரங்களை மாற்றிப் போட்டதுதான். பத்து நிமிட வேலை. அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அந்த இடைத்தேர்வு போயிருக்காது.

கல்லைப் பொறுத்தவரை, மாதம் ஒரு ஞாயிறு, முன்பே குறித்த தேதி, குழுவோடு மட்டும். படத் தொகுப்பு, மென்பொருள், அறிக்கை எதுவும் கிடையாது. போனைப் பையிலேயே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். அந்தப் பாலக்கோடு ஊருக்கு மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம் என்றார்.

பிறகு நடந்தது

இரவு பதினொன்றரைக்கு மேல் படிப்பதை நிறுத்தி, காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் படிப்பதாக மாற்றினார். முதல் மூன்று வாரம் தடுமாற்றம்தான், அப்புறம் பழகிவிட்டது. ஜூனில் மறுபடி ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோது தூக்கம் வாரத்துக்கு 44 மணி நேரம் இருந்தது. நாளுக்கு ஆறே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போன் நான்காகக் குறைந்திருந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் தனியாக முயற்சி செய்யவில்லை.

இரண்டு பாடமும் தேறியது. டிசம்பரில் ஆய்வுத் திட்டத்தின் வாய்மொழித் தேர்வு (வைவா) முடிந்தது. ஆய்வுத் திட்டத்தின் ஒரு பகுதியை அவர் குழு இன்றும் பயன்படுத்துகிறது, ஆன்-கால் வாரத்தில் இரவு அழைப்புகள் குறைந்தன. அந்த வருட அப்ரைசலில் ஒரு படி கீழே போனார். பதவி உயர்வு இதை எழுதும்வரை வரவில்லை. காய் பறிப்பு நேரத்தில் தோப்புக்குப் போக முடியாததில் அப்பாவுக்கு வருத்தம், அது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது செய்தால் எதை மாற்றுவேன்

சேர்வதற்கு முன்பே நேரத்தை எழுதிப் பார்க்கச் சொல்வேன். மாட்டிக்கொண்ட பிறகு எழுதுவதில் பயன் உண்டு, ஆனால் கட்டணம் கட்டுவதற்கு முன் எழுதினால் ஒரு பருவத்துக்கு நான்கு பாடமா இரண்டா என்று அப்போதே முடிவு செய்யலாம். அலுவலகம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கும் கூடவே போட வேண்டும். பேருந்து நேரத்தைப் படிக்கும் நேரமாக யாருக்கும் இனி நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

பிடித்த காரியத்தை ஆய்வுத் தலைப்பாக்கலாமா என்று கேட்டால், யாருக்கும் கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காரியம் கெடுவைத் தாங்குமா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். சிலருக்குப் புகைப்படம், சிலருக்குச் சதுரங்கம், அவை தாங்கலாம். இன்னொரு ஊரின் சாமியை, இன்னொரு பெரியவரின் பொறுமையை நம்பி இருக்கும் காரியம் தாங்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்த நோட்டு. 168 மணி நேரமும் அவருடையதாகவே இருந்தது. மனைவியின் நேரத்தை நாங்கள் எழுதவே இல்லை. தொலைநிலைக் கல்வியில் தொடங்கிய எம்.ஏ. தமிழில் அவருக்கு இரண்டு தாள் பாக்கி என்பது, மகள் பிறந்ததிலிருந்து அந்தப் புத்தகங்கள் பீரோ மேல் இருக்கின்றன என்பது, அன்று அவர் வீட்டில் பேசி முடித்துக் கிளம்பும்போதுதான் தற்செயலாகத் தெரிந்தது. அவர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. 2025-இல் அந்த இரண்டு தாளையும் எழுதினார். அந்த மாதங்களில் சனிக்கிழமை மகளைப் பார்த்துக்கொண்டது இவர். அடுத்து யாருக்காவது இந்த நோட்டைச் சிபாரிசு செய்தால், வீட்டுக்கு இரண்டு நோட்டு என்றுதான் சொல்வேன்.

மறுபடியும் அந்த ஊர்

2025 மார்ச்சில் ஐயா அவரை அந்த ஊருக்கு அழைத்துப் போனார். மனைவியும் மகளும் போனார்கள், நானும் போனேன். முந்தின நாளே பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். இவர் கேட்டார். பெரியவர் குடத்தைத் தூக்கி, தன் கையாலேயே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். எண்ணெய் இறங்கும்வரை நனைந்த துணியால் மெதுவாக ஒற்றிக்கொண்டே இருந்தார். ஐயா தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றினார். இவர் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழுந்தது.

“என்ன எழுதியிருக்கு கண்ணு?” என்று பெரியவர் கேட்டார்.

இவர் விரலைத் தாளின் மேல் வைக்காமல் காற்றிலேயே நகர்த்தி, மெதுவாகப் படித்தார். தொறு மீட்டுப் பட்டான். மாட்டை மீட்கப் போய் இறந்தவர் என்றார்.

“அது எங்களுக்குத் தெரியும். பேரு என்ன?”

மூன்றாம் வரியில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கல் பொரிந்திருக்கிறது. முதல் எழுத்து ப-வா வ-வா என்று ஐயாவுக்கும் இவருக்கும் அன்றே கருத்து வேறுபாடு. மழை முடிந்து பனிக்காலத்து வெயிலில் மறுபடி பார்க்கலாம் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தேதியை வீட்டுக் காலண்டரில் மனைவி குறித்து வைத்திருக்கிறார்.